தேர் போனதும் வரும் கரண்ட்

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்றுப் பௌர்ணமி. சாயங்காலம் கூட்டம் ஏறுகிற நேரம் பார்த்து டிரான்ஸ்பார்மர் பட்டென்று போனது. தேரடித் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. நான் வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எதிர்பார்த்தபடியே தருமன் சார் போன் செய்தார். "பாய், டேப்லெட்ல ஒண்ணுமே வரல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க பாய்."

போகாமல் இருப்பேனா? தொண்டர் இரண்டு பேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். அதே தெருவில் இருக்கிற என் கம்ப்யூட்டர் கடை மாடிக்கு ஏறி, கரண்ட் வந்ததும் ஒரே ஒரு வரி அடித்தேன். எல்லாக் கூடாரத்திலும் படம் வந்துவிட்டது. கீழே இறங்கினால் டீ தயார், ஏலக்காய் போட்டது. தருமன் சார் பக்கத்தில் நின்றவரிடம், "இவர் இல்லன்னா நம்ம கதை கந்தல்" என்றார். நான் காதில் விழாத மாதிரி டீயை ஊதிக் குடித்தேன்.

தருமன் சார் பாத்திரக்கடைக்காரர், எங்கள் வழித்துணைக் குழுவின் தலைவர். கிரிவலப் பாதையில் அங்கங்கே எங்கள் உதவிக் கூடாரம் இருக்கும். கூட்டத்தில் தொலைந்தவர் யாராவது வந்தால், அங்கே இருப்பவர் டேப்லெட்டில் போட்டோ எடுத்து அனுப்புவார். அது மற்ற எல்லாக் கூடாரத்திலும் தெரியும். தேடி வருகிறவர்கள் எங்கே கேட்டாலும் ஆள் கிடைத்துவிடும். டேப்லெட்டில் ஓடுகிற புரோகிராம் எங்கள் குழுவில் இருக்கிற வினோதினி எழுதியது. நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கிற சர்வர் என் பொறுப்பு, என் கடை மாடியில்.

கரண்ட் போய் வந்தால் சர்வர் பெட்டி தானாக எழுந்துகொள்ளும். ஆனால் அதற்குள் ஓட வேண்டிய எங்கள் புரோகிராம் எழாது. ஒரு ஆள் போய் எழுப்ப வேண்டும். அந்த ஆள் நான்.

இன்று காலை வினோதினி கேட்டாள். "அயான் அண்ணா, அதையும் தானா எழற மாதிரி பண்ணிடலாமே? ஒரு வரி வேலதானே?"

ஒரு வரிதான். சர்வரில் இருக்கிற லினக்ஸில் ஸ்டார்ட் என்று அடித்தால் இப்போதைக்கு ஓடும். எனேபிள் என்று அடித்தால்தான் அடுத்த முறை பெட்டி எழும்போது இதுவும் சேர்ந்து எழும். எனக்குத் தெரியாதா என்ன? "பண்றேம்மா" என்றேன்.

ரூபீனா சாப்பாடு போடும்போது சொன்னாள். "திருவண்ணாமலையே உங்க ஒரு ஆள நம்பித்தான் நிக்குதா? போன் வந்தா மாப்ள மாதிரி கெளம்பிடறீங்க."

பொண்டாட்டிகளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

சென்னையில் பதினோரு வருஷம் சர்வர்தான் பார்த்தேன். கையால் செய்த ஒவ்வொன்றையும் தானாக ஓடும்படி செய்து வைத்தேன். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஒருநாள் கூப்பிட்டு, "எல்லாம்தான் ஸ்மூத்தா ஓடுதே அயான்" என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் எங்கே போய் முடியப் போகிறது என்பது எனக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அந்த மாசத்தோடு ஊர் திரும்பினேன்.

அதை எதற்கு இப்போது எழுதுகிறேன்? தெரியவில்லை. சும்மாதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

வினோதினி அவள் அப்பாவோடு கடைக்கு வந்தாள். ஆதிமூலம் சார் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கீழ்பென்னாத்தூர் ரூட்டில் அவரைத் தெரியாதவர் கிடையாது. இப்போது மறதி. ஆனால் கால்கள் மட்டும் வாலிபத்தில் இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பௌர்ணமிக்குக் கூட்டத்தில் தொலைந்து, மறுநாள்தான் கிடைத்தார். அந்த ராத்திரி பட்ட பாட்டில்தான் இந்த டேப்லெட் யோசனையே அவளுக்கு வந்தது. ஊருக்காக என்று நாங்கள் மேடையில் பேசுகிறோம். அவள் செய்தது அப்பாவுக்காக.

சட்டைப் பையில் விசில் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்து, "எங்க போவணும்?" என்றார்.

"வேங்கிக்கால் ஒண்ணு சார்" என்றேன்.

"சில்லறையா குடு" என்று கையை நீட்டினார். வினோதினி சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. வேங்கிக்கால் வீட்டில் இவரையும் பார்த்துக்கொண்டு, கம்ப்யூட்டர் வேலையும் செய்துகொண்டு, அந்தப் பெண் எப்போது தூங்குகிறாளோ.

போகும்போது திரும்பவும் கேட்டாள். "அண்ணா, அந்த வேல?"

"தீபத்துக்கு முன்னாடி முடிச்சிடறேன்."

நவம்பர் 6, வியாழன்

பௌர்ணமி முடிந்தது. கரண்ட் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை. ரொம்ப நல்ல விஷயம்தான். சாயங்காலம் முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. ஊர் கலகலவென்று இருக்கிறது. என் கடை வாசலில் பலூன்காரர் ஒருவர் என்னைக் கேட்காமலே கடை போட்டுவிட்டார். திட்டப் போனேன். எனக்கே ஒரு பலூன் கொடுத்தார்.

மதியம் வினோதினியிடமிருந்து போன். "அண்ணா, தேர் அன்னைக்கு கரண்ட் கட் பண்ணிப் பண்ணி விடுவாங்களே. அந்த வேல முடிஞ்சுதா?"

அது எங்கள் ஊர் வழக்கம். தேர் தெருவுக்குள் வந்தால் அந்தத் தெருவுக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். தேர் தாண்டிப் போனதும் திரும்ப விடுவார்கள். அன்றைக்கு ஐந்து தேர். ஒவ்வொன்றுக்கும் என் பெட்டி ஒருமுறை படுத்து எழும். பேட்டரி பழசு, அது கொஞ்ச நேரம்கூடத் தாங்காது.

"பண்ணியாச்சும்மா" என்றேன்.

"அப்பாடா. அப்பா பெரிய தேர் பாக்கணும்னு ஒரே அடம். நம்ம சிஸ்டம் இருக்குன்னா தைரியமா கூட்டிட்டு வருவேன்."

"தாராளமா வா."

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனை தடவைதான் கேட்பாள் என்று ஒரு எரிச்சல். நாளைக்குச் செய்துவிட்டால் அது பொய்யில்லை. நாளைக்குச் செய்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

மாடிக்கு ஏறினேன். கீபோர்டில் கை வைக்கும்போது கீழே ஒருத்தர் பிரிண்டர் ரிப்பேர் என்று வந்து நின்றார். முடித்துவிட்டு ஏறவில்லை. தேர் அன்று நான் எப்படியும் பக்கத்தில்தானே இருக்கப்போகிறேன்?

நவம்பர் 28, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் ரூபீனாவின் சித்தப்பா மகள் நிக்காஹ். எனக்குச் சுத்தமாக மறந்தே போயிருந்தது. "வரலன்னா எங்க வீட்ல யாரும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டாங்க" என்கிறாள். சரி. காலையில் தேர் கிளம்பியதும் எழுப்பிவிட்டுப் போய், பெரிய தேர் வருவதற்குள் திரும்பிவிடலாம். போன வருஷம் பெரிய தேர் கிளம்பவே மதியம் தாண்டிவிட்டதே.

நவம்பர் 30, ஞாயிறு, காலை

பிள்ளையார் தேர் போனது. முருகர் தேர் போனது. இரண்டு முறையும் கரண்ட் வந்ததும் எழுப்பிவிட்டேன். நன்றாக ஓடுகிறது. ரூபீனா கீழே புடவையில் நின்று கத்துகிறாள். போகிறேன்.

டிசம்பர் 1, திங்கள்

எழுத வரல. எழுதித்தான் ஆகணும்.

நிக்காஹ் நடக்கும்போது நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. சரி, பெரிய தேர் இன்னும் கிளம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிரியாணி சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரூபீனாவை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நடந்தே வந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. என் கடைக்கு எதிரே இருக்கிற கிழக்குக் கோபுரத்துக் கூடாரத்தில் வினோதினி நிற்கிறாள். தலை கலைந்து, செருப்பு ஒரு காலில் மட்டும்.

"அண்ணா, அப்பாவக் காணோம்."

பெரிய தேர் இந்த வருஷம் சீக்கிரமே கிளம்பிவிட்டது. வடம் நகர்ந்ததும் கூட்டம் ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது. கை விட்டுப் போச்சு. "மத்தியானத்துலேர்ந்து இங்கயே நிக்கறேன்ணா. ஒரு கூடாரத்துலயும் வரல. தொலைஞ்சவங்கன்னு ஒருத்தர் படம்கூட வரல."

ஒருத்தர்கூட வரவில்லையா? தேர் அன்று? அவ்வளவு கூட்டத்தில்?

"எனக்கு ஏன்மா போன் பண்ணல?"

"தருமன் சார் பண்றேன்னாரு. நான்தான் வேணாம்னேன். அண்ணா தானா எழற மாதிரி பண்ணிட்டாரு, கரண்ட் வந்துடுச்சு, ஒண்ணும் பிரச்சனையில்லன்னு..."

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. திரையில் அந்தச் சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது, யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று. அந்த ஒரு வரியை அடித்தேன். மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு டேப்லெட்டிலும் மாட்டிக்கொண்டிருந்தது எல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டியது. குழந்தைகள், ஆந்திராக்காரப் பாட்டி ஒருவர், ஊன்றுகோல்காரர் ஒருவர். நடுவில் ஆதிமூலம் சார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக் கூடாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் மோர் டம்ளர். அனுப்பிய நேரம் பட்டப்பகல்.

கீழே வினோதினி "அப்பா!" என்று கத்தியது மாடிவரைக்கும் கேட்டது. சந்தோஷத்தில் கத்துகிறாள். நான் இறங்குவதற்குள் அடி அண்ணாமலைக் கூடாரத்துக்குப் போன் போட்டுவிட்டாள். அங்கே இருப்பது வெள்ளையம்மாள், பூக்கடை வைத்திருப்பவர். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"அவரா? ரொம்ப நேரம் குந்தினு இருந்தாரும்மா. யாரும் வரல. டூட்டிக்கு நேரமாச்சுன்னு சொல்லினே இருந்தாரு. ஒரு கொயந்த அழுதுச்சுன்னு திரும்பினேன். எழுந்து போய்ட்டாரு."

வினோதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராத்திரி முழுக்கத் தேடினோம். இன்றும் தேடுகிறோம். மழை வேறு தூறுகிறது. யா அல்லாஹ், அந்த மனுஷன் எங்க இருக்காரு?

டிசம்பர் 2, செவ்வாய்

கிடைத்துவிட்டார். உயிரோடு.

பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போயிருக்கிறார். பழைய ஆள் என்று கண்டக்டரும் விட்டுவிட்டார். அங்கிருந்து எங்கோ நடந்து, ஏரிக்கரையிலிருந்து கால்வாய் பக்கமாகச் சறுக்கி விழுந்திருக்கிறார். புல் அறுக்கப் போன ஒரு அம்மா விசில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு ராத்திரி ஈரத்தில் கிடந்து விசில் ஊதியிருக்கிறார் மனுஷன்.

இடுப்பெலும்பு போய்விட்டது. நடப்பது கஷ்டம் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ராத்திரியெல்லாம் அலைஞ்சீங்களே அண்ணா" என்று அழுதாள். கையை உருவிக்கொள்ளக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. நின்றேன்.

டிசம்பர் 3, புதன்

மலை மேல் தீபம். தெருவெல்லாம் சத்தம். நான் மாடிக்குப் போகவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

தருமன் சார் கடையில் குழுக் கூட்டம். என்ன தப்பு நடந்தது என்று பேசினார்கள். "மெஷின் மேல தப்பில்ல. பாய் பண்ணி வெச்சிருக்காரு. படமெல்லாம் லேட்டா வந்தது சிக்னல் கோளாறா இருக்கும். ஆனா பெரியவர் படத்த அந்தம்மாதான் சரியா அமுக்கல போலருக்கு" என்றார் தருமன் சார். வெள்ளையம்மாள் எழுந்து நின்றார். "சார், நான் அமுக்கினேன். வட்டம் சுத்தினு இருந்துச்சு. சுத்துதுன்னா போவுதுன்னுதான அர்த்தம்?" யாரோ சிரித்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கு அந்தக் கூடாரத்துக்கு வேறு ஆள் போடலாம் என்று முடிவு செய்தார்கள்.

வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். என் நாற்காலியை உரசிக்கொண்டுதான் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தேன், டீ குடிக்க.

தூ.

டிசம்பர் 10, புதன்

வினோதினி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மாடில ஒண்ணு பாக்கணும்" என்றாள். சாவியைக் கொடுத்தேன். பின்னாலேயே போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

அவளுக்குப் பழக்கமான கைதான். ஒரு வரி அடித்தாள். பதில் வந்தது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு சொல், டிஸேபிள்டு. பெட்டி எழுந்தால் இது எழாது என்று அர்த்தம். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"பண்ணியாச்சுன்னு சொன்னீங்களேண்ணா."

"நாளைக்குப் பண்ணிடலாம்னு..."

"பண்ணலன்னு சொல்லியிருந்தா நான் அவர வீட்லயே விட்டுட்டு வந்திருப்பேன். அவ்ளோதான்ணா. பண்ணலன்னு ஒரு வார்த்த."

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "ஏன்ணா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? எல்லாம் தானாக எழுந்துவிட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன் என்றா? ஏலக்காய் டீக்காக என்றா? அவளுக்கு ஒரு பதில் பாக்கி வைத்துவிட்டு, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படியிறங்கும்போது அவளாகவே பேசிக்கொண்டாள். "அந்தச் சுத்துற வட்டத்த நான்தான வெச்சேன். போகலன்னா போகலன்னு காட்டியிருக்கணும்."

இதில்கூட அவள் பங்கை எடுத்துக்கொண்டு போகிறாள். நான் என் பங்கை இன்னும் தொடவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

ராத்திரி ரூபீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "அந்தப் பூக்காரம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 12, வெள்ளி

ஜும்மா முடிந்து நேராக அடி அண்ணாமலை போனேன். வெள்ளையம்மாள் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். நீங்கள் அமுக்கியது சரி, எழுப்பி வைக்காதது நான், செய்துவிட்டேன் என்று பொய் சொன்னதும் நான்.

அவர் கை நிற்கவில்லை. நாரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

"இன்னா பாய், இப்ப வந்து எங்கிட்ட சொல்ற? அத்தினி பேர் எதுக்கால என்ன நிக்க வெச்சாங்களே, அப்ப எங்க போச்சு வாய்?"

"தப்புதாம்மா."

"அந்தப் பெரியவரு போனதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல தெரியுமா? நான் திரும்பாம இருந்திருந்தா போயிருக்க மாட்டாரேன்னு. பன்னெண்டு நாளா என்னையே நான் திட்டினு கெடக்கறேன். உனுக்கு அது தெரிஞ்சும் நீ சும்மா இருந்துகீற."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கிரிவலம் போகிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"தருமன் சாருக்குப் போன் போடு. என் எதுக்கால சொல்லு. சத்தமா வெச்சு சொல்லு."

ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். "உங்கள எவ்ளோ நம்பினேன் பாய்" என்றார் தருமன் சார். வெள்ளையம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். அவர், "அடுத்த பௌர்ணமிக்கு நான்தான் குந்துவேன், சொல்லிட்டேன்" என்று போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூவைக் கட்ட ஆரம்பித்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

எனேபிள் என்று அடித்தேன். ஒரு வரி. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அதற்குத்தான் இவ்வளவும்.

டிசம்பர் 15, திங்கள்

அடித்தால் போதுமா? எழுகிறதா என்று பார்க்க வேண்டாமா? வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பெட்டி செத்தது. தேர் போன பிறகு கரண்ட் வருகிற மாதிரி திரும்பச் செருகினேன். பெட்டி எழுந்தது. புரோகிராம் எழவில்லை!

என்ன நடந்தது என்று பதிவைத் திறந்து பார்த்தேன். எழுந்திருக்கிறது, ஆனால் அவசரத்தில் எழுந்து உடனே விழுந்திருக்கிறது. படங்களையெல்லாம் வைத்திருக்கிற டேட்டாபேஸ் அப்போது இன்னும் கண்ணே விழிக்கவில்லை. அது இல்லாமல் இதற்கு வேலை ஓடாது. ஆக நவம்பரில் அந்த ஒரு வரியை அடித்திருந்தாலும் தேர் அன்று விழுந்திருக்கும். இது எனக்கு ஆறுதலா? இல்லை. அன்றே செய்து, அன்றே வயரைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

டேட்டாபேஸ் எழுந்த பிறகு நீ எழு, விழுந்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப எழு என்று இரண்டு வரி சேர்த்தேன். பிடுங்கினேன். செருகினேன். எழுந்தது. திரும்பப் பிடுங்கினேன். திரும்பத் திரும்ப. ரூபீனா டீ கொண்டுவந்து படியிலேயே நின்றுவிட்டாள்.

"வந்துதா?"

"வந்துது."

"அப்புறம் ஏன் மறுபடி புடுங்கறீங்க?"

"இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். டீ ஆறிப் போனது. நான் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

மாடிச் சாவி இன்னொன்று அடித்துத் தருமன் சாரிடம் கொடுத்தேன். வெளியிலிருந்தே சர்வருக்குள் நுழைகிற வழி ஒன்றையும் வினோதினிக்குத் திறந்து வைத்தேன். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லி இத்தனை நாள் திறக்காமல் வைத்திருந்தது. அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்தாள். பதில் இல்லை.

ஜனவரி 3, சனி

பௌர்ணமி. கரண்ட் போகவில்லை. டேப்லெட்டில் வினோதினி மாற்றம் செய்திருக்கிறாள், வெள்ளையம்மாள் காட்டினார். சுற்றுகிற வட்டம் போயிற்று. அனுப்ப முடியாவிட்டால் சிவப்பில் பெரிதாக, "போகவில்லை. போனில் சொல்லவும்" என்று வருகிறது.

எனக்கு அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஜனவரி 17, சனி

பொங்கல் கும்பல் அடங்கட்டும் என்று காத்திருந்து இன்று வேங்கிக்கால் போனேன். மூன்று முறை தெருமுனை வரை போய்த் திரும்பியவன். இன்று ரூபீனா ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஹாலில் கட்டில். ஆதிமூலம் சார் அதில் பாதியாகக் கிடக்கிறார். விசில் தலையணைக்குப் பக்கத்தில். என்னை அடையாளம் தெரியவில்லை. முன்பு மட்டும் தெரிந்ததா என்ன?

வினோதினி தண்ணீர் கொடுத்தாள். நான் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். சென்னை வேலை, "எல்லாம்தான் ஸ்மூத்தா ஓடுதே" என்ற மேனேஜர், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் போன், டீ, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

முடிவு வரை கேட்டுவிட்டு, "இப்ப தானா எழுந்துக்குதா?" என்றாள்.

"எழுந்துக்குது. வயர புடுங்கிப் புடுங்கிப் பாத்துட்டேன்."

"நல்லது. ஆனா அப்பாவுக்கு இனிமே அது வேணாம். அவரு இனிமே தொலைய மாட்டாரு."

கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

கிளம்பும்போது கேட்டேன். "பௌர்ணமிக்கு நீ கூடாரத்துக்குப் போகணுமே, சார யார் பாத்துப்பாங்க?" ஒரு அக்கா வருவார் என்றாள். "அவங்களுக்கு முடியலன்னா நான் வந்து உக்காரட்டுமா?" கேட்டைச் சாத்தினாள்.

ஜனவரி 30, வெள்ளி

வினோதினியிடமிருந்து மெசேஜ். "ஞாயிறு சாயங்காலம் அந்த அக்கா வரல. வர முடியுமா."

அண்ணா இல்லை. பரவாயில்லை. நாலு தடவை படித்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

நேற்றுப் பௌர்ணமி. தைப்பூசமும் சேர்ந்துகொண்டதால் கூட்டம் ஜாஸ்தி. வினோதினி என்னிடம் மாத்திரை எங்கே, கஞ்சி எங்கே என்று காட்டிவிட்டுக் கூடாரத்துக்குப் போனாள். நான் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் குழுவின் வாட்ஸப்பில் யாரோ போட்டார்கள். தேரடித் தெருவில் கரண்ட் போய்விட்டது.

போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். கால் தானாகச் செருப்பைத் தேடியது. எழுந்து நின்றும்விட்டேன். பிறகு உட்கார்ந்தேன். தேரடித் தெருவில் இருட்டு மாடியில் அந்தப் பெட்டி செத்துக் கிடக்கிறது, நான் இங்கே கஞ்சி டம்ளரோடு இருக்கிறேன். போன் இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று இருந்தது. அடிக்க வேண்டும் என்று நினைத்தேனா, அடிக்கக் கூடாது என்று நினைத்தேனா? இரண்டும்தான்.

ஆதிமூலம் சார் கண் விழித்தார். "வண்டி ஏன் நிக்குது?"

"கரண்ட் இல்ல சார். வந்துடும்."

"எத்தினி பேரு காத்துனு இருக்காங்க?"

"நெறைய பேர் சார்."

வாட்ஸப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. அடி அண்ணாமலைக் கூடாரம். பச்சைப் புடவையில் ஒரு பாட்டி, அவரைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு பெண். கீழே வெள்ளையம்மாளின் குரல் பதிவு. "கெழக்கு கோபுரத்துல படத்தப் பாத்துட்டு மக ஓடியாந்துடுச்சு. நான் அமுக்கினேன், போச்சு." பத்துப் பேர் கைகூப்பினார்கள். கரண்ட் எப்போது வந்தது, சர்வர் எப்போது எழுந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. ஒருவருக்கும் அது தெரியவே தெரியாது.

"வண்டி கெளம்பிடுச்சு சார்" என்றேன்.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "விசில் யார் அடிச்சது?"

"யாரும் அடிக்கல சார். தானா கெளம்பிடுச்சு."

"அதெப்படி? கண்டக்டர் இல்லாம?" கோபமே வந்துவிட்டது அவருக்கு. கையால் தலையணையைத் துழாவினார். விசிலை எடுத்துக் கொடுத்தேன். ஊதினார். காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. அந்த இரண்டு ராத்திரியோடு அவ்வளவும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. விசிலை வாங்கி அவர் பக்கத்தில் வைத்தேன். "கேட்டுச்சு சார். டிரைவருக்குக் கேட்டுச்சு" என்றேன். திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வினோதினி திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "கூப்ட்டாங்களா?"

"இல்லம்மா. ஒருத்தரும் கூப்பிடல."

தலையை ஆட்டினாள். அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து சொன்னாள். "அடுத்த பௌர்ணமிக்கும் அந்த அக்கா வராது."

வீட்டில் ரூபீனாவிடம் சொன்னேன். அடுத்த பௌர்ணமி நோன்பு மாதத்தில் வருகிறதே, நோன்பு திறக்கிற நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டியிருக்கும் என்றேன். "அதுக்கென்ன, கஞ்சி குடுத்தனுப்பறேன். பெரியவருக்கும் சேத்து" என்று சொல்லிவிட்டு, பரணில் இருக்கிற பெரிய தூக்குச்சட்டியை எடுத்துத் தரச் சொன்னாள்.